ஒரு முடிகூடக் கலையாமல்

1

இங்கிலீஷில் ஒரு சொலவடை உண்டு. "நாட் எ ஹேர் அவுட் ஆஃப் பிளேஸ்." தலையில் ஒரு முடிகூட இடம் மாறவில்லை என்று அர்த்தம். உடுப்பு, முகம், தலை, நிற்கிற நிலை என்று ஒருவரிடம் குறை சொல்ல எதுவுமே இல்லையென்றால் அப்படிச் சொல்வார்கள். டீவியில் செய்தி வாசிப்பவர்களைச் சொல்வார்கள். கல்யாணப் பெண்ணைச் சொல்வார்கள். மழையில் எல்லாரும் நனைந்த கோழியாக வந்து நிற்கும்போது ஒருத்தி மட்டும் சீவின தலை சீவினபடி வந்தால், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடும் சொல்வார்கள். நம் ஊரில் இதற்கு நேரான சொல் எனக்குத் தெரிந்து இல்லை. "சலவை மடிப்புக் கலையாம" என்போம், அது துணியோடு நின்றுவிடும். "வெள்ளையும் சொள்ளையுமா" என்போம், அதில் நக்கல் கொஞ்சம் தூக்கல்.

வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, நெல்லுக்கு விலை வந்ததா என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு இங்கிலீஷ் பாடம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இந்த ஒரு வரியால் எங்கள் வீட்டில் எட்டு மாதம் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. நான் இங்கே இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். போன வாரம் அங்கே புதிதாகச் சேர்ந்த பெண் என்னைப் பார்த்து இதே வரியைச் சொன்னாள். புகழ்ச்சியாகத்தான் சொன்னாள். "தேங்க் யூ" என்று சிரிப்பதை விட்டுவிட்டுக் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். பாவம், என்ன தப்பு செய்தோம் என்று முழித்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் போதாது. அதனால் உங்களிடம் கொட்டுகிறேன்.

2

இந்தச் சொலவடை எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தபோது மாலை மரியாதையோடுதான் வந்தது.

என் வீட்டுக்காரர் கலியமூர்த்தி கணக்கு வாத்தியார். நாகூருக்கு மேற்கே உள்ளடங்கின கிராமம், பண்ணையில் கூலி வேலை செய்த குடும்பம். அரசாங்க விடுதியில் தங்கிப் படித்து மேலே வந்தவர். நைஜீரியாவுக்கு வாத்தியார்கள் எடுத்தபோது அங்கே போனோம். அப்புறம் இந்த நாட்டில் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் பஞ்சம் வந்தது, இங்கே வந்துவிட்டோம். லண்டனுக்கு வடக்கே ஒரு பழைய தொழிற்சாலை நகரம். புகைபோக்கிகள் இருக்கின்றன, புகைதான் இல்லை.

மனுஷர் தலையைப் பார்க்க வேண்டுமே! அடர்த்தியான முடி, வயசுக்கு நரைத்ததே தவிர உதிரவில்லை. அவர் எடுக்கும் வகிட்டில் தண்ணீர் விட்டால் நேராக ஓடும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு கறுப்புச் சீப்பு. நைஜீரியாவின் புழுதியிலும் அதே தலை, இங்கே பனியிலும் அதே தலை. எதற்கும் அடங்காத பையன்கள்கூட அவர் வகுப்பில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டுதான் உட்காருவார்களாம். ஒருமுறை ஆண்டுவிழாவில் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்து, "மிஸ்டர் மூர்த்தியை நான் பார்த்த நாளிலிருந்து ஒரு முடிகூட இடம் மாறியதில்லை" என்று இந்தச் சொலவடையைத்தான் சொன்னார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், அர்த்தம் தெரியாமல். பக்கத்தில் எங்கள் மகள் எழிலரசி, இங்கே எல்லாருக்கும் அவள் எல்லி, என் காதில் அர்த்தத்தைச் சொன்னாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவர் அதை இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். "கேட்டியா இந்திரா, என்ன சொன்னாங்கன்னு கேட்டியா?" என்றார். "கேட்டேங்க, ரசத்தை ஊத்திக்குங்க" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

3

அவருக்குப் பக்கவாதம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாட்டின்போது. உயிர் பிழைத்தது. பேச்சும் தெளிவாகவே இருந்தது. அதனால் ஆஸ்பத்திரியில் நான் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதெல்லாம் பலித்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இடது கை, இடது கால் விழுந்துவிட்டன. அதைவிட மோசம், அவருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோய்விட்டது. கண்ணில் கோளாறு இல்லை, மூளையில் அந்தப் பக்கம் அழிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். தட்டில் சோறு வைத்தால் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "என்ன, இன்னிக்கு கொஞ்சமா வச்சிருக்கே?" என்பார். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியைச் சாப்பிடுவார். முகச்சவரம் செய்தால் பாதி மீசை போயிருக்கும், பாதி இருக்கும். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் வலது பக்கம் திரும்பி என்னைத் தேடுவார். இதில் பெரிய கொடுமை, தனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று அவர் மனசார நம்பியதுதான்.

"நான்தான் சீவிட்டேனே!" என்பார். கண்ணாடியைக் காட்டினால் கண்ணாடியிலும் அவருக்குப் பாதி முகம்தான் தெரியும். யாரிடம் போய்ச் சண்டை போடுவது!

கட்டிலிலிருந்து தூக்கி, குளிக்க வைத்து, உடுத்திவிட்டு, ஊட்டிவிட்டு நான் வேலைக்கு ஓட வேண்டும். என் முதுகு இரண்டே மாதத்தில் "நான் வரலை" என்று சொல்லிவிட்டது. இப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்கத்தில் உதவித்தொகை உண்டு. அது வந்தால் காலையில் துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம், என் வேலையும் தப்பும். வராவிட்டால் நான் வேலையை விட வேண்டும், வாடகை நின்றுவிடும். இல்லையென்றால் அவரை ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட வேண்டும். சோற்றுக்கும் ரசத்துக்கும் வழியில்லாத இடத்தில், தட்டைத் திருப்பி வைக்க ஆளில்லாமல், பாதி வயிற்றோடு அவர் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்குக் குலை நடுங்கியது. ஆகவே உதவித்தொகைக்கு எழுதிப்போட்டோம்.

4

நேரில் பார்த்து மதிப்பிட ஓர் அம்மாள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். ஆபீசர் வருகிறார் என்றால் எங்கள் வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. விடியுமுன் எழுந்து அவரைக் குளிப்பாட்டினேன். இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சவரம் செய்தேன். இஸ்திரி போட்ட சட்டை. ஊரிலிருந்து வந்த பேராவூரணித் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துத் தலையில் தடவி, வகிடு எடுத்துப் படிய வாரிவிட்டேன். ஆண்டுவிழாவுக்குப் போன மூர்த்தி சார் திரும்பி வந்துவிட்டார்.

அந்த அம்மாள் நல்லவர்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செருப்பைக் கழற்றட்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். மடிக்கணினியைத் திறந்துகொண்டு அவரை ஒவ்வொன்றாகக் கேட்டார். உடுத்திக்கொள்ள முடியுமா? "முடியும்." குளிக்க? "முடியும்." சாப்பிட? "நோ ப்ராப்ளம்." தலை சீவ? சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துக் காட்டி, "இது என்கூடவே இருக்கிறது மேடம்" என்றார். இருவரும் சிரித்தார்கள். நான் தேநீரும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு நின்றேன். "இவரால ஒண்ணும் முடியாதுங்க" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாள் போன பிறகு தனியாகப் போன் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போட்டேன். அரைமணி நேரம் பாட்டுப் போட்டார்கள், அப்புறம் லைன் அறுந்துவிட்டது.

தபாலில் முடிவு வந்தது. உதவித்தொகை கிடையாது. காரணங்களில் ஒன்று, விண்ணப்பதாரர் மிக நேர்த்தியாக இருந்தார், ஒரு முடிகூட இடம் மாறவில்லை, எனவே தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள அவரால் முடிகிறது. அதே சொலவடை. மைக்கில் கேட்டபோது கைதட்டினேன். இப்போது தாளில் படித்துவிட்டு எழிலுக்குப் போன் போட்டேன்.

5

எழில் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு பறந்து வந்தாள். அவளுடைய தமிழ் கோபத்தில் மட்டும் நன்றாக வரும்.

"அம்மா, யாரு உங்கள அப்பாவுக்கு எண்ணெய் வச்சு சீவி விடச் சொன்னது? வந்தவங்க என்ன மாப்பிள்ளை பாக்கவா வந்தாங்க?"

"பின்ன என்னடி, பரட்டைத் தலையோட ஒக்கார வைக்கவா?"

"ஆமா! அதான் உண்மை. உண்மையப் பாக்குறதுக்குத்தான் அவங்க வர்றாங்க. நீங்க மறைச்சு வச்சுட்டீங்க."

"நான் எதடி மறைச்சேன்? என் புருஷன சுத்தமா வச்சிருந்தேன்."

"அம்மா, இங்க அதுக்கு மார்க் கெடையாது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, எனக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "ஒங்க ஆயா தாசில்தார் முன்னாடி எப்படிப் போய் நின்னாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். "தெரியும்மா, நூறு தடவை சொல்லியிருக்கீங்க" என்றாள். அவளுக்கு நூறு தடவை சொன்னேன், உங்களுக்கு ஒரு தடவை சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே. ஊர் நிலத்தில் பெரும்பகுதி ஒரே மிராசுதாருக்கு. எங்கள் தெருப் பெண்கள் அவர் கண்ணில் படும்படி ரவிக்கை போடக் கூடாது, எண்ணெய் வைத்துச் சீவிப் பூ வைக்கக் கூடாது. ஆண்கள் துண்டைத் தோளில் போடக் கூடாது. இதெல்லாம் எங்கும் எழுதிவைத்த சட்டமில்லை. மீறினவர்கள் வாயில் சாணியைக் கரைத்து ஊற்றியதை என் அப்பா கண்ணால் பார்த்திருக்கிறார். செங்கொடிச் சங்கம் வந்த பிறகு ஒவ்வொன்றாக நின்றது. ஆனால் பயம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

எனக்குப் பத்து வயசு இருக்கும். ஆட்சி மாறின புதுசு. "இனி நம்ம ஆளுங்க ஆட்சி" என்று டீக்கடையில் பேச்சு பலமாக இருந்தது, நிலம் மட்டும் பழைய ஆளிடமே இருந்தது. அந்தச் சம்பா அறுவடைக்குக் கூலி நெல் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு வயலில் இறங்கவில்லை. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கப்போகிறார் என்று செய்தி வந்தது. அரிவாளைத் தீட்டுகிற சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. வெட்டுக்குத்து ஆகிவிடப்போகிறதே என்று தாசில்தார் களத்துக்கே வந்து பேச்சுவார்த்தை வைத்தார்.

என் அம்மா அஞ்சலை தெருப் பெண்களைக் கூட்டி, "எல்லாரும் குளிச்சு சீவிட்டு வாங்கடி. பிச்சைக்கா போறோம்?" என்று சொல்லிவிட்டது. ஒரு புட்டி எண்ணெய் வீடு வீடாகப் போனது. ரவிக்கை இல்லாதவர்களுக்கு இரவல் ரவிக்கை. களத்தில் போய் வரிசையாக நின்றார்கள்.

மிராசுதாரின் காரியஸ்தர் ஒருவர், நாக்கில் சனியன் குடியிருக்கிற ஆள், தாசில்தாரிடம் சொன்னார். "பாருங்க சார். எண்ணெ வழிய வழிய சீவிகிட்டு, வெள்ளையும் சொள்ளையுமா வந்து நிக்கிறாளுவ. வவுறு காயுற மூஞ்சியா இது?"

தாசில்தாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா முன்னால் வந்தது.

"ஏங்க, பரட்டைத் தலையோட வந்தா, ஒழுங்கா நிக்கத் தெரியாத கழுதைக்கு கூலி ஒரு கேடான்னு கேப்பீங்க. சீவிட்டு வந்தா, இவளுக்கு என்ன கொறச்சல்ங்கிறீங்க. எப்புடி வந்தா குடுப்பீங்க? அதச் சொல்லுங்க, அப்புடி வந்து நிக்கிறோம்."

அந்த அறுவடைக்குக் கூலி கூடியது. அடுத்த நடவுக்கு அம்மாவை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அது இரண்டு ஊர் தாண்டி நடந்துபோய் நட்டுவிட்டு வந்தது. பின்னால் குடியிருக்கிற மனைக்குப் பட்டா கேட்டு ஜமாபந்திக்குப் போனபோதும் அம்மா எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டுதான் போனது. தரங்கம்பாடியில் விடுதியில் தங்கி நான் படிக்கப்போனபோதும், அதிகாரி முன்னால் போனால் எப்படிப் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

இந்தக் கதையை நான் எடுக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் பேப்பரை விரித்துக்கொள்வார். ஊர்க்கதை அவருக்கு ஆகாது. அவருடைய ஊரில் சங்கமெல்லாம் ரொம்பப் பிந்தித்தான் வந்தது. அவர் ஊரைப் பற்றி நான் கேட்டால், "அங்க என்ன இருக்கு சொல்ல?" என்பார். அன்றைக்கும் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

6

மேல்முறையீடு செய்தோம். எட்டு மாதம் கழித்து நாள் கொடுத்தார்கள். அதற்குள் நான் பாதி நாள் வேலைக்கு இறங்கினேன், வாடகை பாக்கி விழுந்தது, இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்துவிட்டோம். சுத்தமான இடம். ஜன்னலோரம் ஒரு நாற்காலியைக் காட்டி, "இதுதான் அவருக்கு" என்றார்கள். எழில் காருக்குள் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்து இறங்கினாள்.

"அம்மா, கெஞ்சிக் கேக்குறேன். இன்னிலேர்ந்து ஷேவ் வேணாம். தலைய தொடாதீங்க. அவர் தானா எப்படி இருப்பாரோ அப்படியே கூட்டிட்டுப் போவோம். ப்ளீஸ்."

நான் சரி என்று சொல்லிவிட்டேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஜன்னலோர நாற்காலியைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு வீறாப்பு எங்கே இருக்கும்? ஒரு நாள் விட்டேன். இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் காலையில் அவர் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்திரா, இன்னிக்கு கோர்ட்டுதானே?"

"ஆமாங்க."

"சவரம் பண்ணி விடலையே?"

எழில் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினாள். வலது பக்கமாக வந்து உட்கார்ந்துதான் பேசினாள். பொறுமையாகக் கேட்டார். வாத்தியார் இல்லையா, அவள் முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"புரியுதும்மா. ஆனா அப்படி என்னைக் கூட்டிட்டுப் போனா நான் கார விட்டு எறங்க மாட்டேன்" என்றார்.

நான் வெந்நீர் வைத்தேன். எழில் அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

7

கோர்ட் என்றால் கூண்டும் டவாலியும் இல்லை. பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூம் மாதிரி ஓர் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் நீதிபதி அம்மாள். ஒரு பக்கம் வயதான டாக்டர் ஒருவர். இன்னொரு பக்கம் சக்கர நாற்காலியில் ஓர் இளைஞர். இங்கிலீஷில் நடந்ததைத்தான் தமிழில் தருகிறேன்.

நீதிபதி பழைய அறிக்கையைப் புரட்டினார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். மறுபடி அறிக்கையைப் பார்த்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தாளில் எழுதியிருந்தபடியே ஆள் உட்கார்ந்திருந்தார்.

"தினமும் காலையில் இவரைத் தயார் செய்வது யார்?"

"நான்" என்றேன்.

"உங்கள் உதவி இல்லாமல் இவர் எவ்வளவு செய்வார்?"

"பாதி" என்றேன். அதற்குமேல் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. எழில் எடுத்துச் சொன்னாள், ஆஸ்பத்திரி டாக்டர் எழுதியதையும் சுட்டிக் காட்டினாள். நீதிபதி தலையாட்டினார். அப்புறம் மேசையிலிருந்த டாக்டர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி மரியாதையாகக் கேட்டார்.

"மிஸ்டர் மூர்த்தி, நீங்கள் சொல்லுங்கள். உங்கள் தலையை நீங்களே சீவிக்கொள்ள முடியுமா?"

"நிச்சயமாக, சார்."

"இன்று காலை நீங்கள்தான் சீவினீர்களா?"

"சின்ன வயதிலிருந்து நானேதான் சீவிக்கொள்கிறேன், சார்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த உண்மை அதுதான். எழில் "அப்பா" என்று முனகினாள். நீதிபதி பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதி முடித்துவிட்டால் ஜன்னலோர நாற்காலிதான்.

நான் எழுந்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரரின் சக்கர நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, காலையில் நானே படிய வாரிய தலையில் இரண்டு கையையும் விட்டு அளைந்து கலைத்தேன். நன்றாகவே கலைத்தேன். மூன்று அதிகாரிகள் முன்னால், கட்டின புருஷன் தலையை. அஞ்சலை மகள் செய்கிற காரியமா இது! எண்ணெய் என் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. நீதிபதி, "மேடம், தயவுசெய்து..." என்று எழுந்தார். டாக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து அவர் வலது கையில் கொடுத்தேன்.

"சீவுங்க" என்றேன் தமிழில்.

சீவினார். நிதானமாக, அழகாக, பழகின கை. வலது பக்கம் படிந்தது. காதோரம் வரை ஒழுங்காகப் படிந்தது. உச்சிக்கு வந்ததும் சீப்பு நின்றுவிட்டது. அங்கே அவருக்குத் தலை முடிந்துவிட்டது. சீப்பைப் பையில் செருகிக்கொண்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது பக்கம் முடி எல்லாம் குத்திட்டு நின்றது.

"முடிந்தது, சார்" என்றார்.

சக்கர நாற்காலி இளைஞர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர்தான், "நன்றி மிஸ்டர் மூர்த்தி, நன்றாக இருக்கிறது" என்றார். எங்களை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். ஒரு காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை, உள்ளே கூப்பிட்டு உதவித்தொகை உண்டு என்று சொன்னார்கள்.

8

எழில் காரை எடுக்க ஓடினாள். நான் அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அந்தக் கட்டிடத்தின் வாசலுக்கு வந்தேன். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அவர் தலை இடது பக்கம் இன்னும் குத்திட்டே நின்றது. சீப்பை எடுக்க அவர் பையில் கை வைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் கலைச்சே?"

"வேற வழி தெரியலீங்க" என்றேன். அதற்குள் அழுதுவிட்டேன். "என்னை மன்னிச்சிடுங்க. அத்தன பேரு முன்னாடி..."

அவர் என் கையை விடவில்லை. நேரே பார்த்தபடி பேசினார். வகுப்பில் பேசுகிற தமிழ் இல்லை, நாகூருக்கு மேற்கே பேசுகிற தமிழ்.

"எங்கப்பாவும் கலைச்சு வுடுவாரு."

எனக்குப் புரியவில்லை.

"பள்ளிக்கூடத்துக்குப் போவயில. அம்மா தண்ணியத் தொட்டு படிய சீவி அனுப்பும். பெரிய வூட்டு வாசலத் தாண்டித்தான் போவணும். அது கிட்ட வந்ததும் அப்பா நின்னு, என் தலையில கைய வுட்டு கலைச்சிடுவாரு. ஐயா பாத்தா வம்பாயிடும்டான்னு சொல்லுவாரு. தெனம். தாண்டின பொறவு குந்தவச்சு, கையாலயே மறுபடி படிய வுடுவாரு."

நாற்பது வருஷத்துக்கும் மேலான குடித்தனம். என் அம்மா கதையை நான் ஊரெல்லாம் சொல்லித் தீர்த்திருக்கிறேன். இதை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. எழில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்து நின்றிருந்தாள், பாதியிலிருந்து அவளும் கேட்டிருக்கிறாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அந்தக் கட்டிடம் அவருக்கு இடது பக்கம் இருந்தது. அவர் வலது பக்கமாகத் தலையைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினார்.

"தாண்டியாச்சா?" என்றார்.

நாற்காலியைத் தள்ளினேன். வாசல் கதவைத் தாண்டி, மதில் சுவரின் கடைசிவரை போய், தெரு முனையில் ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தேன்.

"இப்பத் தாண்டியாச்சுங்க."

அவர் தலையைக் குனிந்து கொடுத்தார்.